பெரும்படங்களைச் சிறிதாக்கும் முறை



தென்னாட்டின் முதல் பயணிகள் புகைவண்டி 1856-ஆம் ஆண்டில் எங்கள் ராயபுரத்து நிலையத்திலிருந்துதான் புறப்பட்டது. அக்கட்டடத்தையும் துறைமுகத்தையும் கைப்பேசியாற் படமெடுக்கும் மாணவர் சிலர், "ஐயா, ஐந்நூறு படங்களையும் எவ்வாறு சிறிதாக்குவது?" என்று என்னை வினவுவதுண்டு. விடை எளிது, எனினும் காரணத்தை முதலில் அறிதல் நன்று.

எண்ணியல் படம் என்பது புள்ளிகளாலான கட்டமாகும். அகலம் 4000, உயரம் 3000 எனின், மொத்தம் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள். இரு பக்கங்களையும் பாதியாக்கினால் புள்ளிகள் பாதியாவதில்லை, காற்பங்காகின்றன. பரப்பளவுக் கணக்கில் நீங்கள் படித்ததே இது.

படத்திற்கு ஒரு நிமிடம் எனக் கொண்டாலும், ஐந்நூறு படங்களுக்கு எட்டு மணி நேரத்திற்கு மேலாகும். ஆகவே, ஒரே கட்டளையால் அனைத்தையும் கணிப்பொறியிடம் ஒப்படைத்தல் வேண்டும். 1987-இல் ஜான் கிறிஸ்டி என்பார் எழுதத் தொடங்கிய 'இமேஜ்மாஜிக்' என்னும் கட்டணமற்ற மென்பொருள் இதற்கு உதவும்.

விரைவுக்கு மற்றொரு வழியும் உண்டு. ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றன் சராசரியையும் நுட்பங்களையும் தனித்தனியே குறித்து வைக்கிறது. இதற்கு அடிப்படையான கணித முறையை 1974-இல் வெளியிட்டவர்கள் அகமது, நடராசன், ராவ் ஆகிய மூவர். அவர்களுள் நசீர் அகமது பெங்களூரிற் பிறந்தவர். சராசரிகளை மட்டும் எடுத்துக்கொண்டால், எட்டில் ஒரு பங்கு அகலமுள்ள சிறுபடம் கிடைத்துவிடும். முழுப்படத்தையும் விரித்துப் பின் சுருக்கும் உழைப்பு மிச்சமாகிறது.

இனி, முதன்மையான எச்சரிக்கை ஒன்று. இமேஜ்மாஜிக்கின் 'மாக்ரிஃபை' என்னும் கட்டளை, வேறிடம் குறிக்காவிடில், மூலப்படத்தின் மீதே சிறுபடத்தை எழுதிவிடும். நீக்கிய புள்ளிகள் மீளா. பின்னர்ப் பெரிதாக்கினாலும் மங்கலே மிஞ்சும். எனவே, மூலங்களைத் தனியே படியெடுத்து வையுங்கள். சிறுபடங்களுக்கெனப் புதிய கோப்புறை ஒன்றைக் குறியுங்கள். முதலில் ஐந்து படங்களில் மட்டும் சோதித்துப் பாருங்கள்.

பழைய கட்டடம் பழுதுபார்க்கப்பெறும்பொழுது அதன் முந்தைய வடிவம் மறைந்துவிடும். அதன் பின்னர் அவ்வடிவுக்குச் சான்றாக நிற்பது நீங்கள் எடுத்த படமே. அனுப்புவதற்குச் சிறியது போதும். வரலாற்றுக்குப் பெரியதே வேண்டும்.