வினாத்தாள் இரண்டு... தராசு ஒன்று!

அடுத்தடுத்த ஊர்களில் இரண்டு பள்ளிகள். இரண்டிலும் கணக்குத் தேர்வு. ஆனால் தேர்வு வாரியம் வேறு, வினாத்தாளும் வேறு. இரு பள்ளி மாணவர்களும் ஒரே தரம் வாங்கினால் இருவரும் சமம்தானா?

தமிழ்நாட்டில் முன்பு மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு வகை இருந்தன. பத்தாம் வகுப்புத் தேர்வும் தனித்தனி. 2011-12ஆம் கல்வியாண்டில் சமச்சீர்க் கல்வி வந்ததும் நான்கும் ஒன்றாயின.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. அங்கே 16 வயதில் ஜி.சி.எஸ்.இ., 18 வயதில் ஏ லெவல் தேர்வு. ஏ.க்யூ.ஏ., ஓ.சி.ஆர்., பியர்சன் என்று பல வாரியங்கள். எந்தப் பாடத்துக்கு எந்த வாரியம் என்பதைப் பள்ளியே முடிவு செய்யும். வாரியங்கள் கூடி 2004இல் ஒரு கூட்டு மன்றம் அமைத்தன. தேர்வுக்கூட விதிகளை அதுதான் வகுக்கிறது.

விதிகள் கடுமையானவை! செல்போன் அணைந்து கிடந்தாலும், பையில் இருந்தாலே குற்றம். தண்ணீர் பாட்டிலில் லேபிள்கூட இருக்கக்கூடாது. ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு தேர்வு வந்தால்? ஒன்றை எழுதி முடித்ததும், அடுத்ததை எழுதும் வரை யாரோடும் பேசாமல் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

சரி, தரத்தை எப்படிச் சமமாக்குகிறார்கள்? மூத்த ஆசிரியர்கள் முன்பே திருத்திய சில விடைத்தாள்களை, மற்றத் தாள்களோடு கலந்து விடுவார்கள். திருத்துபவருக்கு அது தெரியாது. அவர் போடும் மதிப்பெண் மிகவும் மாறுபட்டால், திருத்துவதை நிறுத்தச் சொல்வார்கள். இத்தனை மதிப்பெண்ணுக்கு இந்தத் தரம் என்ற எல்லையும் திருத்தி முடித்த பிறகுதான் முடிவாகும். வினாத்தாள் கடினமாக இருந்தால் எல்லை இறங்கும்; எளிதாக இருந்தால் ஏறும். ஆஃப்க்வால் என்ற அரசு அமைப்பு எல்லா வாரியங்களையும் கண்காணிக்கிறது.

இந்தத் தராசும் ஒருமுறை தடுமாறியது. 2020இல் கொரோனாவால் தேர்வுகள் ரத்தாயின. பள்ளியின் பழைய தேர்ச்சி முடிவுகளையும் சேர்த்து, கணினிக் கணக்கின்படி தரம் வழங்கினார்கள். ஏ லெவலில் ஏறத்தாழ 40 சதவீதத் தரங்கள், ஆசிரியர்கள் மதிப்பிட்டதைவிடக் குறைந்துவிட்டன. நன்றாகப் படித்தும், தங்கள் பள்ளியின் பழைய முடிவுகளால் பலர் பாதிக்கப்பட்டார்கள். மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஆகஸ்ட் 17ஆம் தேதி அரசு பணிந்தது. ஆசிரியர் தந்தது, கணினி தந்தது இரண்டில் எது கூடுதலோ, அதுவே மாணவருக்குக் கிடைத்தது.

விதி எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். ஆனால் தராசுத் தட்டில் வைக்க வேண்டியது பள்ளியின் பெயரை அல்ல, மாணவரின் உழைப்பைத்தான். சரிதானே, செல்வங்களே?