நிலத்தை விற்கும் முன்: புதிய விமானியின் முதல் படிகள்

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஒரு பிள்ளை "நான் பைலட் ஆகணும்" என்று சொன்னால், வீட்டில் அடுத்து எழும் கேள்வி "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். பேச்சு அங்கிருந்து நேராக ஏரிப் பாசன நிலத்துக்குப் போய்விடும். விற்பதா, அடகு வைப்பதா? அந்தப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. விமானி ஆகும் வழியில் பணம் மூன்றாவது படி. முதல் படி மருத்துவர், இரண்டாவது படி பரீட்சை. இந்த வரிசையில் போனால், தோற்றாலும் சில ஆயிரங்களோடு போகும். வரிசை மாறினால் நிலமே போகும்.

முதல் படி: மருத்துவர்

இந்தியாவில் விமானிகளுக்கு உரிமம் வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ. அது கேட்கும் மருத்துவச் சான்றுகள் இரண்டு. முதலில் 'கிளாஸ் 2'. அதில் தேறியபின் இன்னும் கடுமையான 'கிளாஸ் 1'. தொழில்முறை விமானிக்குக் கிளாஸ் 1 இல்லாமல் நடக்காது. இரண்டையும் டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவர்களிடமும் மையங்களிலும்தான் எடுக்க வேண்டும்.

கண்ணாடி போட்டவர் விமானி ஆக முடியாது என்று ஊரில் பலரும் நம்புகிறார்கள். அது தவறு. கண்ணாடி போட்டபின் பார்வை உரிய அளவுக்குச் சரியாகிவிட்டால் தகுதி உண்டு. உண்மையான தடை நிறக்குருடு. அது இருப்பது பல பேருக்குப் பதினெட்டு வயது வரை தெரியவே தெரியாது.

நிறம் ஏன் இத்தனை முக்கியம்? இரவில் இறங்கும் விமானிக்கு ஓடுபாதையின் பக்கத்தில் நான்கு விளக்குகள் வரிசையாகத் தெரியும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான சரிவில் வருகிறார். நான்கும் வெள்ளை என்றால் மிக உயரத்தில் இருக்கிறார். நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிட்டார். வெள்ளையையும் சிவப்பையும் பிரித்தறிய முடியாத கண்ணுக்கு அந்த எச்சரிக்கை எட்டாது.

இரண்டாவது படி: பரீட்சை

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். வேறு பிரிவு எடுத்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்த இரண்டு பாடங்களையும் தனியாக எழுதித் தேறலாம். அதன்பின் டி.ஜி.சி.ஏ.வின் இணையதளத்தில் பதிவு செய்து 'கம்ப்யூட்டர் எண்' வாங்கினால் தேர்வு எழுதலாம். விமானச் சட்டவிதிகள், வழிகாணல், வானிலை, விமானத் தொழில்நுட்பம் ஆகியவை பாடங்கள். தேற 70 சதவீதம் வேண்டும். ரேடியோவில் பேசுவதற்குத் தனித் தேர்வு உண்டு.

கணிதம் சரியாக வரும் பிள்ளைக்கு இந்தப் பாடங்கள் எட்டாதவை அல்ல. வழிகாணலில் ஒரு கணக்கைப் பாருங்கள்: திசையில் ஒரு டிகிரி தவறினால், 60 கடல்மைல் போவதற்குள் விமானம் ஒரு கடல்மைல், அதாவது ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர், விலகிப்போயிருக்கும். பக்கக் காற்று எவ்வளவு தள்ளுகிறது, அதற்கு எத்தனை டிகிரி திருப்பிப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் பத்தாம் வகுப்பு முக்கோணவியலின் நீட்சிதான்.

தமிழ் வழியில் படித்தவர்கள் தயங்குவது ஆங்கிலத்துக்காக. ஆங்கிலப் பேச்சுத் திறனை உலக அளவில் ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். விமானிக்கு நான்காவது நிலை போதும். உச்சரிப்பில் தாய்மொழியின் சாயல் இருக்கலாம், ஆனால் சொல்வது புரிய வேண்டும், கேட்பது விளங்க வேண்டும். ஒன்றிரண்டு ஆண்டு தினமும் பேசிப் பழகினால் வந்துவிடும்.

பறக்கும் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்பே இந்தத் தேர்வுகளில் முடிந்தவரை எழுதிவிடுவது நல்லது. வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம், செலவு சொற்பம். பிள்ளைக்கு இந்தத் தொழில் ஒத்துவருமா என்பதும் இங்கேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது படி: பறக்கும் மணிகள், பணம்

கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியதாக இருக்க வேண்டும். இரவில் பறந்த கணக்கும், கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்த கணக்கும் தனித்தனியே காட்ட வேண்டும். ஒரே பயணத்தில் 300 கடல்மைல் பறந்து, வழியில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கியிருக்க வேண்டும். சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் உள்ள வான்வழித் தூரத்தை ஒட்டியது அது.

செலவு இங்கேதான் ஏறுகிறது. மத்திய அரசின் கீழ் உத்தரப் பிரதேசம் ஃபுர்சத்கஞ்சில் இயங்கும் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமியில்கூடப் பயிற்சிக் கட்டணம் சுமார் 45 லட்சம் ரூபாய். அங்கே நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர முடியும். தனியார் பள்ளிகளிலும் மொத்தச் செலவு அரைக் கோடியை ஒட்டியே வருகிறது.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்க்காதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள்? எத்தனை பயிற்றுநர்கள்? எத்தனை மாணவர்கள்? விமானம் குறைவாகவும் மாணவர் அதிகமாகவும் இருந்தால், இரண்டாண்டுப் பயிற்சி மூன்று, நான்கு ஆண்டு என்று இழுக்கும். விடுதிச் செலவு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். 2025 அக்டோபர் முதல் டி.ஜி.சி.ஏ. பறக்கும் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டுப் போங்கள். எவ்வளவு தள்ளுபடி தருவதாகச் சொன்னாலும் முழுத் தொகையையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள். பறந்த மணிக்கு ஏற்பத் தவணை கட்டுவதே பாதுகாப்பு.

லைசென்ஸ் வேறு, வேலை வேறு

லைசென்ஸ் கையில் வந்தால் அடுத்த மாதமே சீருடை என்று நினைத்துவிடக் கூடாது. நாட்டில் லைசென்ஸ் வாங்கி வேலைக்குக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். விமான நிறுவனம் ஆள் எடுக்கும்போது எழுத்துத் தேர்வு, மனத்திறன் சோதனை, சிமுலேட்டர் சோதனை, நேர்காணல் என்று சலித்தெடுக்கும்.

அதன் பிறகு 'டைப் ரேட்டிங்'. ஒவ்வொரு பெரிய விமான வகைக்கும் தனிப் பயிற்சி. முதலில் வகுப்பறை, அடுத்து நிஜக் காக்பிட்டைப் போலவே அசைந்தாடும் சிமுலேட்டர், பிறகு நிஜ விமானத்தில் ஏறி இறங்கும் பழக்கம். இந்தச் செலவும் லட்சங்களில்தான். சில இடங்களில் விமானி கட்ட வேண்டும். சில இடங்களில் நிறுவனம் ஏற்றுக்கொண்டு, இத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்கும். குடும்பக் கணக்கில் இதையும், ஓரிரு ஆண்டு காத்திருக்கும் செலவையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

பரந்தூரில் விமான நிலையம் வந்தால் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு விமானி வேலை கிடைத்துவிடும் என்று சிலர் பேசுகிறார்கள். நிலத்தைக் காக்க ஏகனாபுரம் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடிவரும் விஷயம் அது. அந்த ஞாயத்தைத் தனியாகப் பேச வேண்டும். விமானி வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. லைசென்ஸ் நாடு முழுவதும் செல்லும், நிறுவனம் எந்த ஊரில் தங்கச் சொல்கிறதோ அங்கே தங்க வேண்டியதுதான்.

சின்ன விமானம் தரும் பெரிய படிப்பு

1932-ல் டாடா நிறுவனம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாக மெட்ராஸுக்குத் தபால் கொண்டுவந்ததே ஒற்றை எஞ்சின் குட்டி விமானத்தில்தான். இன்று சின்ன ஊர்களை இணைக்கும் வேலையை ஏ.டி.ஆர். 72 செய்கிறது. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு சுழல்விசிறிகள், எழுபது, எண்பது பேருக்குள் இருக்கைகள். சின்ன ஊர்களுக்கு விமானம் விட 2017 ஏப்ரலில் சிம்லா–டெல்லி விமானத்தோடு தொடங்கிய மத்திய அரசின் உடான் திட்டம், 2018-ல் சேலத்துக்கும் விமானம் கொண்டுவந்தது. அந்தச் சேவை இடையில் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் வந்தது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்குப் போவதும் ஏ.டி.ஆர்.தான்.

சென்னையின் முதன்மை ஓடுபாதை 3,600 மீட்டருக்கு மேல். சேலத்தில் சுமார் 1,800 மீட்டர். ஜெட் விமானத்தில் வேலை கிடைக்கவில்லையே என்று வருந்தும் புதியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நெடுந்தூர விமானத்தில் எட்டு மணி நேரம் பறந்தால் ஒருமுறை இறங்குவார்கள். ஏ.டி.ஆரின் ஒரு மணி நேரப் பயணங்களில் ஒரே நாளில் நான்கு முறை ஏறி இறங்க வேண்டியிருக்கும். மிக உயரே போகாமல் மழை மேகத்தின் நடுவிலேயே வேலை. வடகிழக்குப் பருவமழையின் இடி மேகங்கள், போகி விடியலில் சென்னையை மூடும் புகை, குட்டை ஓடுபாதை என்று எல்லாவற்றையும் முதல் ஆண்டிலேயே பார்த்துவிடலாம். தொழில் கையில் படிவது இங்கேதான்.

ஒரு காலைப் பொழுது

காலை ஆறு மணி விமானம் என்றால் கோ-பைலட்டின் நாள் மூன்று மணிக்கே தொடங்கும். நிலையத்துக்கு வந்ததும் ஊதிக் காட்டும் கருவியில் மதுச் சோதனை. சாராயம் கலந்த வாய் கொப்பளிக்கும் திரவத்தைக்கூட விமானிகள் தொடக் கூடாது. அடுத்து வானிலை, எரிபொருள், ஆள்–சரக்கு எடைக் கணக்கு.

பிறகு டார்ச் விளக்கோடு விமானத்தைச் சுற்றி ஒரு நடை. டயரில் வெட்டு உண்டா? விசிறி அலகுகளில் பொளிவு உண்டா? எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்க் கசிவு உண்டா? இறக்கையின் முன்விளிம்பில் பனியை உடைக்கும் கறுப்பு ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா? வேகத்தை அளக்கும் குழாய்களின் மூடியைக் கழற்றியாயிற்றா? ஏ.டி.ஆரில் பயணிகள் ஏறுவது பின்பக்கக் கதவு வழியாக. முன்பக்கக் கதவு சரக்குக்கு. வலது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அதன் விசிறி சுற்றாது. பிரேக் போட்டு விசிறியை நிறுத்தி, எஞ்சினிலிருந்து மின்சாரமும் குளிர்காற்றும் மட்டும் எடுத்துக்கொள்வார்கள். இதற்கு 'ஹோட்டல் மோட்' என்று பெயர்.

பேசத் தெரிய வேண்டும்

காக்பிட்டில் இரண்டு பேர். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கண்காணிப்பார், ரேடியோவில் பேசுவார். அடுத்த பயணத்தில் மாற்றிக்கொள்வார்கள். புதியவருக்கு மிகக் கடினமானது ஓட்டுவது அல்ல, பேசுவதுதான். பெரியவர் செய்யும்போது குறுக்கே பேசாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, இருபதாண்டு அனுபவமுள்ள கேப்டனிடம் "சார், உயரம் குறைகிறது, மறுபடி மேலே ஏறுவோம்" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை சொல்லிக் கேட்காவிட்டால் மறுமுறை இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும்.

1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவில் இரண்டு ஜம்போ ஜெட்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். எதிரே இருந்த விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று காக்பிட்டில் இளையவர் ஒருவர் ஐயப்பட்டுக் கேட்டார். மூத்த கேப்டன் அதைத் தள்ளிவிட்டு, ஓடத் தொடங்கிவிட்ட விமானத்தை நிறுத்தாமல் செலுத்தினார். அதற்குப் பிறகுதான் 'சொல்வதும் கேட்பதும்' உலகெங்கும் விமானிகளுக்குப் பாடமாகவே ஆனது. உங்கள் பிள்ளை விமானி ஆக வேண்டுமென்றால், வீட்டில் நீங்கள் தவறு செய்யும்போது அதை மரியாதையோடு சுட்டிக்காட்ட இன்றே விடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த வழி திறந்தே இருக்கிறது. உலகில் விமானிகளில் பெண்கள் ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான். இந்தியாவில் சுமார் 15 சதவீதம்.

கணக்கு காட்டாதவருக்கு இடமில்லை

மொத்தம் 1,500 மணி நேரமும் உரிய தேர்வுகளும் ஆனபின், கேப்டனுக்கான உயர் லைசென்ஸ் வாங்கலாம். கோ-பைலட்டின் வலது இருக்கையிலிருந்து கேப்டனின் இடது இருக்கைக்கு மாற, நிறுவனம் வைக்கும் சோதனைகளும் உண்டு. அதுவரைக்கும், அதற்குப் பிறகும், விமானியின் சொத்து லாக்புக். தேதி, விமானத்தின் பதிவெண், எங்கிருந்து எங்கே, எத்தனை மணி நிமிடம், பகலா இரவா, பொறுப்பு யாருடையது என்று ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி. பறக்காத மணியை அதில் எழுதுவது குற்றம். 2011-ல் போலி மதிப்பெண் பட்டியல் காட்டி லைசென்ஸ் வாங்கிய விமானிகள் பிடிபட்டுக் கைதானார்கள். பயிற்சியில் மணிக்கணக்கைக் கூட்டிக் காட்டியதும் அப்போது வெளிவந்தது. "கொஞ்சம் பணம் கொடுத்தால் மணியைப் போட்டுத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிய சட்டம் அல்ல. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் நம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலைத் தேர்தல் விதிகளைப் பொறித்தார்கள். ஊர் வாரியத்தில் இருக்க என்ன வயது, என்ன தகுதி என்று எழுதினார்கள். முன்பு பொறுப்பில் இருந்து கணக்கு காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்கினார்கள். பலருடைய வாழ்வை ஒருவர் கையில் கொடுக்கும் முன், அவர் தகுதியையும் கணக்கையும் பார்க்க வேண்டும் என்று இந்த ஊர் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் எழுதிவைத்திருக்கிறது.

எனவே, வரும் சனிக்கிழமை பிள்ளையை ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். நிறப் பார்வைக்கான புள்ளிப் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. நிலப் பத்திரம் அதுவரை பீரோவிலேயே இருக்கட்டும்.