கான்கிரீட்டுக்குள் ஓர் அங்குலம்

புதுச்சேரியின் விடுதிகள் சிலவற்றில் நடைவழிக்கு டைல்ஸ், அறைக்குக் கார்பெட் என்று போட்டிருப்பார்கள். இரண்டும் சந்திக்கும் இடம் கதவுக்கு நேர் கீழே. அங்கே இரண்டு விரல் அகலத்தில் ஓர் உலோகப் பட்டை இருக்கும். உள்ளே போகும் ஒவ்வொரு காலும், சக்கரம் வைத்த ஒவ்வொரு பெட்டியும் அதன்மேல் ஏறித்தான் போகவேண்டும். அப்படியும் அது அசையாது. ஆணியே இறங்காத கான்கிரீட்டில் அதைப் பிடித்து வைத்திருப்பது எது?

பசை வைத்து ஒட்டினால் போதாதா? கான்கிரீட் பார்க்கத்தான் கெட்டி. உள்ளே எண்ணற்ற நுண்துளைகள். தரைத்தளத்தில் மண்ணின் ஈரம் அவற்றின் வழியே தானாக மேலேறுகிறது. இதை நுண்புழை ஏற்றம் என்பார்கள். அடியிலிருந்து ஈரம் வந்துகொண்டே இருந்தால் பல பசைகள் பிடியை விட்டுவிடும். ஆகவே திருகாணிதான் வழி.

அதற்கு முதலில் துளை வேண்டும். சுற்றிக்கொண்டே தட்டவும் செய்கிற டிரில்லிங் மிஷின் நிமிடத்துக்குச் சுமார் 40,000 தட்டுகள் தட்டும். அதன் நுனியில் உள்ள டங்ஸ்டன் கார்பைடு, ஜல்லியையும் மணலையும் வெட்டுவதில்லை, நொறுக்குகிறது. சுழற்சியின் வேலை அந்தத் தூளை வெளியே தள்ளுவது.

துளைக்குள் திருகாணி நேராகப் பிடிக்காது. முதலில் ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடுதல் நீளமுள்ள ராவல் பிளக் என்னும் பிளாஸ்டிக் உறையைச் செருகுவார்கள். திருகாணி அதற்குள் நுழையும்போது, பிளவுபட்ட பிளாஸ்டிக் விரிந்து துளைச் சுவரை நெருக்குகிறது. மண்வெட்டிக் காம்பில் அடிக்கும் ஆப்பு எப்படி இறுக்குகிறதோ அதே வித்தைதான். பட்டையைத் தாங்குவது உராய்வு. உராய்வைத் தருவது அந்த நெருக்கல். துளையில் தூள் தங்கிவிட்டால் பிளக் சுவரைத் தொடாமல் தூளைத் தொடுகிறது. பிடியும் வழுக்கிவிடுகிறது. துளையை ஊதிச் சுத்தம் செய்வதை நல்ல வேலையாள் தவறவிடாதது இதனால்தான்.

இந்த எளிய பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் சுவரைக் குடைந்து, மரக்கட்டையைப் பதித்து, அதில்தான் திருகாணி முடுக்குவார்கள். 1911 வாக்கில் இங்கிலாந்தின் ஜான் ஜோசப் ராலிங்ஸ் சணல் நாரை விலங்கு இரத்தத்தால் இறுக்கி முதல் பிளக்கைச் செய்தார். அவர் பெயர்தான் நம் ஹார்டுவேர் கடைவரை வந்து ‘ராவல்’ ஆகியிருக்கிறது. 1958-ல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் அதை நைலானில் வடித்தார்.

துளை எங்கே விழவேண்டும் என்பதும் ஒரு கணக்கு. M20 ரகக் கான்கிரீட்டை அழுத்தினால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும். இழுத்தால் ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்குதான். விரியும் பிளக் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கப் பார்க்கிறது. ஆகவே துளை ஓரத்தில் இருக்கக்கூடாது. டைல்ஸோ இன்னும் நொறுங்கக்கூடியது. அதனால் டைல்ஸ் விளிம்பைத் தொடாமல், கார்பெட் பக்கத்துக் கான்கிரீட்டில் துளை போடுவார்கள். அங்கே கார்பெட்டின் முனையைக் கவ்வ, சாய்வான சிறு ஊசிகள் பதித்த ஒரு மரச்சட்டம் இருக்கும். ஊசிகள் இழுவிசைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பதால், இழுக்க இழுக்கக் கார்பெட் இன்னும் ஆழமாக மாட்டிக்கொள்ளும்.

பட்டையும் சும்மா கிடப்பதில்லை. ஏசி ஓடும்போது சுருங்கும், நிறுத்தினால் விரியும். 90 சென்டிமீட்டர் அலுமினியப் பட்டை, வெப்பம் 15 டிகிரி ஏறினால் 0.3 மில்லிமீட்டர் நீளும். அடியிலுள்ள கான்கிரீட் அதில் பாதிகூட நீளாது. இந்த இழுபறி வருடம் முழுக்கத் தினமும் நடக்கிறது. பட்டையின் துளை திருகாணியைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் அந்த அசைவுக்கு இடம் கிடைக்கும்.

கடைசியாக, கடல். உப்புக் காற்றும் தரை துடைக்கும் நீரும் சேர்ந்தால், ஒன்றையொன்று தொடும் இரு வேறு உலோகங்கள் ஒரு சிறு மின்கலம் ஆகிவிடும், ஒன்று கரையும். அலுமினியப் பட்டையில் சின்னச் சின்ன எஃகுத் திருகாணிகள் என்றால், கரைவது பெரிய பட்டை முழுக்கப் பரவி மெதுவாகிறது. எஃகுப் பட்டையில் அலுமினியத் திருகாணி போட்டால், மொத்தச் சேதமும் அந்தச் சின்னத் திருகாணியின்மேல் விழும். உலோகத்தைப் பார்த்துத் தேர்ந்ததற்குப் புதுச்சேரியிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1937-ல் கட்டத் தொடங்கிய அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோண்ட் விடுதி, இந்தியாவின் ஆரம்பகால நவீனக் கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்தது. அதன் கதவுகளுக்கான உலோகப் பொருத்துகளைப் பித்தளையில், பழைய பாத்திரங்களை உருக்கி வார்த்தார்கள். கடலோரத்துக்கு ஏற்ற தேர்வு: இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளே பரவும், பித்தளையின் களிம்போ மேலே படிந்து உள்ளிருப்பதைக் காக்கும்.

உங்கள் வாசல் பட்டை ஆடத் தொடங்கினால் பெரிய திருகாணியைத் தேடாதீர்கள். அது தளர்ந்த துளையின் விளிம்பை இன்னும் பிளந்துவிடக்கூடும். இரண்டு அங்குலம் தள்ளிப் புதுத் துளை போட்டு, தூளை ஊதிவிட்டு, புது பிளக் செருகுங்கள். பட்டையைக் காப்பது திருகாணியின் பருமன் அல்ல, நொறுங்காத கான்கிரீட்டின் நெருக்கல்தான்.