கீழ்ப் பல்செட்டு ஏன் ஆடுகிறது?

ராகிக் களியான சங்கட்டிக்குப் பல் வேண்டாம். உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்கிவிடலாம். சித்தூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் பல் போன பிறகும் வருடக்கணக்கில் சமாளிப்பது இப்படித்தான். பசி அடங்கிவிடுகிறது, ஆனால் தட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. முதலில் வேர்க்கடலை, பிறகு கொய்யா, கீரைத்தண்டு, நாட்டுக்கோழி. மிஞ்சுவது சோறும் களியும் கஞ்சியும்தான். சர்க்கரை நோயும் இருப்பவருக்கு இதைவிட மோசமான சாப்பாட்டுமுறை கிடையாது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையும் அடங்காது.

வயதானால் பல் விழத்தான் செய்யும் என்பது உண்மையல்ல. பல்லைப் பறிப்பவை சொத்தையும் ஈறு நோயும். வெற்றிலையோடு அடக்கும் புகையிலை இரண்டாவதற்குத் துணை போகிறது.

போன இடம் சும்மா இருக்காது

கடைவாயில் ஒரு பல் போனால், "உள்ளேதானே, யார் பார்க்கப் போகிறார்கள்" என்று விட்டுவிடுகிறோம். பக்கத்துப் பல் அந்த இடைவெளியை நோக்கிச் சாயும். எதிர்த்தாடைப் பல் கடிக்க ஆளில்லாமல் நீண்டு இறங்கும். சில வருடம் கழித்துப் பல் கட்டப் போனால் கட்ட இடமே இருக்காது.

மேல் செட்டு நிற்கும், கீழ் செட்டு ஆடும்

முழுப் பல்செட்டு போட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலோர் கீழ் செட்டைத்தான் திட்டுவார்கள். காரணம் எளிது. மேல் செட்டு அண்ணம் முழுவதையும் மூடி, உமிழ்நீரின் மெல்லிய படலத்தால் ஒட்டிக்கொள்கிறது. கீழ் செட்டு குதிரை லாடம் போன்ற குறுகிய மேட்டின் மேல் உட்கார வேண்டும். நடுவில் நாக்கு தள்ளும், வெளியே கன்னமும் உதடும் தள்ளும்.

அந்த மேடும் நிலையானதல்ல. வேர் போனதும் தாடையெலும்பு கரையத் தொடங்குகிறது. முதல் ஆண்டில் வேகமாகவும், பிறகு மெதுவாகவும், ஆனால் நிற்காமல் கரையும். செட்டு அணிந்தவர்களை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்து 1972-இல் வெளிவந்த டால்கிரன் என்பவரின் ஆய்வு, கீழ்த்தாடை மேல்தாடையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு கரைவதைக் காட்டியது. கை கால் எலும்பு முறிந்தால் புத்தூர் வைத்தியர்களின் கட்டு என்று ஓடுகிற சித்தூர்ப் பக்கம் இது. கரைந்த தாடைக்கு அந்தக் கட்டும் உதவாது.

அதனால், போன வருடம் கச்சிதமாக இருந்த செட்டு இப்போது தளர்கிறது என்றால் எல்லா நேரமும் செய்தவர் மீது பழி போட முடியாது. உட்புறத்தில் புதிதாக அக்ரிலிக் சேர்த்து ஈறுக்குப் பொருந்தும்படி செய்யலாம். செட்டு தேய்ந்திருந்தால் புதிதாகத்தான் செய்ய வேண்டும். தளர்ந்த செட்டைப் பசையால் மாதக்கணக்கில் ஒட்டி ஓட்டுவது புண்ணுக்கும் எலும்புத் தேய்வுக்கும் வழி.

எதிர்பார்ப்பும் சரியாக இருக்க வேண்டும். முழு செட்டின் கடிக்கும் பலம் சொந்தப் பல்லின் பலத்தில் சுமார் கால் பங்குதான். முதல் சில வாரம் சிறு துண்டுகளாக, இரு பக்கமும் சமமாக மென்று பழக வேண்டும். முன்பல்லால் கடித்து இழுத்தால் செட்டு பின்னால் தூக்கிக்கொள்ளும். திருப்பதி லட்டை உதிர்த்துச் சாப்பிடுங்கள், கற்கண்டைக் கடிக்காமல் கரையவிடுங்கள். பேச்சு குழறினால் பேப்பரை உரக்கப் படியுங்கள், சரியாகிவிடும்.

சில பல் மட்டும் போயிருந்தால்

கழற்றி மாட்டும் பாதி செட்டு மூன்று வகை: அக்ரிலிக், வார்ப்பு உலோகம், வளையும் நைலான். நைலான் செட்டில் கம்பி தெரியாது, பார்க்க அழகு. ஆனால் அதில் பிறகு ஒரு பல் சேர்ப்பதும் தளர்ந்தால் சரிசெய்வதும் கடினம், பாரமும் ஈறின் மேலேயே விழுகிறது. நெடுநாள் உழைக்க வேண்டுமென்றால், மீதிப் பற்களின் மேல் தாங்கி நிற்கும் கோபால்ட் குரோமியம் வார்ப்பு செட்டே என் தேர்வு.

பக்கத்துப் பற்களின் மேல் ஒட்டும் பிரிட்ஜ் கழற்ற வேண்டாதது. ஆனால் இரு பக்கத்து நல்ல பற்களையும் ராவ வேண்டும்.

தாடையெலும்பில் பதிக்கும் செயற்கை வேரான இம்பிளான்ட்டின் கதை ஸ்வீடனில் தொடங்குகிறது. 1952-இல் முயல் எலும்பில் டைட்டானியம் இறுகப் பிணைவதைக் கண்ட அந்நாட்டு ஆய்வாளர் பிரோனெமார்க், 1965-இல் முதல் நோயாளிக்கு அதைப் பொருத்தினார். எலும்பு பிணைய வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம் வரை ஆகும். சிலருக்கு உடனே பல் பொருத்தவும் முடியும், ஆனால் "மூன்றே நாளில் பல்" என்ற பலகையைப் பார்த்து எல்லோரும் ஓடக் கூடாது. புகையிலைப் பழக்கம், கட்டுப்பாடற்ற சர்க்கரை, எலும்புத் தேய்வு மாத்திரை, தாடையில் எடுத்த கதிர்வீச்சு, இவற்றில் ஒன்று இருந்தாலும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

வாய் முழுக்க இம்பிளான்ட் வைக்க வசதியில்லாதவருக்கு ஒரு நடுவழி உண்டு. கீழ்த்தாடையில் இரண்டே இம்பிளான்ட் வைத்து, அவற்றின் மேல் செட்டைப் பட்டன்போல் மாட்டுவது. பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இதுவே முதல் தேர்வாக வேண்டும் என்று 2002-இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். உங்கள் மருத்துவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

எங்கே போவது?

திருப்பதியில் சி.கே.எஸ். தேஜா பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் சி.எம்.சி.யும் தூரமில்லை. கல்லூரி மருத்துவமனைகளில் பொதுவாகச் செலவு குறைவு, அலைச்சல் அதிகம். அச்சு எடுப்பது, மெழுகில் கடி பார்ப்பது, மாட்டிப் பார்ப்பது என்று முழு செட்டுக்கு எங்கே போனாலும் நாலைந்து தடவை போக வேண்டும். ஒரே உட்காரலில் செட்டு தருகிறேன் என்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள். பதிவில்லாத தெருவோர ஆட்கள் அக்ரிலிக்கைப் பக்கத்துப் பல்லோடு ஒட்டிவிடுவார்கள். அது கழலாது, அடியில் அழுக்கு சேர்ந்து நல்ல பல்லும் போகும்.

பக்கத்துக் கர்நாடகம் ஏழை முதியோருக்கு இலவச செட்டு தர 2014-இல் 'தந்த பாக்ய' திட்டத்தைத் தொடங்கியது. கேரளத்தில் இதேபோன்ற 'மந்தஹாசம்' திட்டம் இருக்கிறது. கண்ணாடியும் காது கருவியும்போல் பல்செட்டும் அரசு தர வேண்டிய பொருள்தான்.

இரவில் கழற்றுங்கள்

வெட்கத்தால் செட்டோடு தூங்குகிறவர்கள் பலர். ஜப்பானில் 85 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அண்ணத்தில் பூஞ்சை பிடித்துச் சிவந்து போவதும் பெரும்பாலும் இதனால்தான்.

செட்டைக் கழுவ சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பல்பொடியும் பேஸ்டும் கீறல் போடும், கொதிநீர் வளைத்துவிடும். கழுவும்போது அடியில் தண்ணீர் நிறைந்த பாத்திரம் இருக்கட்டும், கை நழுவினாலும் உடையாது. இரவில் குளிர்ந்த நீரில் போட்டு வையுங்கள்.

பல்லே இல்லாதவரும் ஆண்டுக்கு ஒருமுறை வாயைக் காட்ட வேண்டும். செட்டு உரசிய புண் என்று நினைப்பது இரண்டு வாரமாகியும் ஆறவில்லையென்றால், செட்டைத் தேய்த்து வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். புற்றுநோயா என்று அந்தப் புண்ணைச் சோதிக்கச் சொல்லுங்கள்.