தோசைக்கல்லும் அனோடைசிங் பெட்டியும்

சமையலறையில் உள்ள கறுப்பு அலுமினியக் கடாயில் கரண்டி பட்டால் லேசில் கீறல் விழாது. மேலே இருப்பது பெயின்ட் அல்ல, ஆக்சிஜனோடு சேர்ந்து அந்த அலுமினியமே வளர்த்துக்கொண்ட தோல். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட், மேட்டூர் மால்கோ ஆலையில் மின்சாரத்தால் ஆக்சிஜனை இழந்து உலோகமானது. சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுப் பின்கட்டில், ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள், அதே மின்சாரம் ஆக்சிஜனைத் திரும்ப ஏற்றுகிறது. இதுதான் அனோடைசிங்.

அடுப்பு

230 வோல்ட்டை 18 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர், முன்னால் வோல்ட்டை ஏற்றி இறக்க ஒரு வேரியாக், பின்னால் பிரிட்ஜ், ஃபியூஸ், அம்மீட்டர்: பெட்டி இவ்வளவுதான். வீட்டு மின்சாரம் அம்மிக் குழவி போல நொடிக்கு 50 முறை போய்த் திரும்பும். நமக்கு வேண்டியது முறுக்கு அச்சு போல ஒரே பக்கத்து அழுத்தம். திரும்பும் வீச்சையும் முன்பக்கமே தள்ளிவிடுவதுதான் பிரிட்ஜின் நான்கு டயோடுகளின் வேலை. 10 ஆம்பியர் ஓடினால் பிரிட்ஜே சுமார் 20 வாட் சூடாகும். அதைத் தடித்த அலுமினியப் பட்டையில் திருகி வையுங்கள்.

தீ அளவு

வாளியில் 15 முதல் 20 சதவீதக் கந்தக அமிலம். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். நம் பொருளுக்குப் பிளஸ், ஈயத் தகட்டுக்கு மைனஸ். தகட்டில் ஹைட்ரஜன் குமிழும், அதனால் திறந்தவெளி வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

தோசைக்கல்லின் அகலம் பார்த்துத்தான் தீ வைப்போம். இங்கே 10 செ.மீ. சதுரப் பரப்புக்கு சுமார் 1.5 ஆம்பியர். அதே அளவுத் தகட்டுக்கு இரண்டு பக்கம், ஆக 3 ஆம்பியர். தோல் தடிக்கத் தடிக்க மின்சாரத்துக்கு வழி இறுகும். இறுகிய முறுக்கு மாவை அழுத்திப் பிழிவதுபோல வேரியாக்கை மெல்ல ஏற்றி அதே 3 ஆம்பியரில் நிறுத்துங்கள். அரை மணியில் சுமார் 15 மைக்ரான் தோல் வளரும். ஆப்பம் போல நுண்துளை நிறைந்த அந்தத் தோல் சாயத்தை உறிஞ்சும். பிறகு கொதிநீரில் போட்டால் ஜவ்வரிசி போல ஊதித் துளைகள் அடையும்.

தோசை பிய்ந்தால்

வோல்ட் இருக்கிறது, ஆம்பியர் பூஜ்யம்: தொங்கவிட்ட கம்பி தளர்ந்திருக்கும். இடுக்கில் தோல் வளர்ந்துவிட்டால் மின்சாரம் போகாது, அந்தத் தோலுக்கு மின்கடத்தும் குணம் இல்லை. கம்பியும் அலுமினியமாக இருக்கட்டும், செம்பு அமிலத்தில் கரைந்துவிடும்.

சுமை இல்லாமலே, பிரிட்ஜ் தாண்டி வர வேண்டிய 15 வோல்ட்டுக்குப் பதில் 7, 8 காட்டுகிறது: ஒரு டயோடு போய்விட்டது, குழவி ஒரு பக்கம் மட்டும் அரைக்கிறது. ஃபியூஸ் உடனே போகிறது: டயோடு ஷார்ட், அல்லது பொருள் ஈயத்தைத் தொடுகிறது.

மேற்பரப்பு மாவாக உதிர்கிறது: கரைசல் சூடாகிவிட்டது. 20 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டியதைச் சேலத்து ஏப்ரல் விடாது. வாளியைப் பனிக்கட்டித் தண்ணீர் அண்டாவில் இறக்குங்கள்.

சாயம் ஏறிய பொருளில், கம்பி பிடித்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி மிஞ்சும். அது கறை அல்ல. கடைசி நிமிடம் வரை பிடி விடவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.