கண் கட்டிய விமானிக்கு ஒரு பொத்தான் பலகை

கொட்டியாரக் குடாவின் தென்பாகத்தில், மூதூருக்கும் வெருகலாற்றுக்கும் இடையே, வயலும் கழியும் கடலும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமற் கிடக்கும் ஈச்சிலம்பற்றுப் பிரதேசத்து மக்களுக்கு ஆகாய விமானம் என்பது புதுமையான பொருளன்று. குடாவுக்கு வடபால் சீனக்குடாவிலே பிரித்தானியர் அமைத்த விமான நிலையம், 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானியக் கப்பற்படையின் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது குண்டுகளுக்கு இலக்காகி, பின்னும் பிழைத்து நின்று, இன்று இலங்கை விமானப்படையின் கல்விக்கழகத்துக்கு இருப்பிடமாக விளங்குகின்றது; செஸ்னா 150, பீ.ரீ. 6 முதலிய சிறு விமானங்களில் இளம் விமானிகள் பயிற்சி பெறுவதும் அங்கேதான். ஆயினும், விமானத்தை அண்ணாந்து பார்ப்பவனுக்கும் அதன் ஆசனத்தில் அமர்பவனுக்கும் இடையிலுள்ள தூரம் குடாவின் அகலத்தைவிடப் பெரிது. கணினியின் துணைகொண்டு அத்தூரத்தில் ஒரு பகுதியையாவது கடக்க விரும்பும் இளைஞர்கள், சொற்பச் செலவில் தம் கையாலேயே செய்துகொள்ளக்கூடிய ஒரு பொத்தான் பலகையை அறிமுகஞ் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தரையிலிருந்தபடியே பறக்கக் கற்கும் உபாயம் நம் காலத்துக் கணினிகளோடு பிறந்ததன்று. அமெரிக்காவின் நியூயோர்க் மாகாணத்தில், பிங்காம்ரன் என்னும் ஊரில், பியானோக்களும் ஓர்கன் வாத்தியங்களும் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்தியவரின் மைந்தர் எட்வின் லிங்க். விமானம் ஓட்டக் கற்க ஆசையிருந்தும் அதற்கு ஆகும் பெருஞ்செலவைக் கண்டு சலித்த அவர், தந்தையின் பட்டறையில் ஓர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளையும் அடைப்பிதழ்களையும் எடுத்து, ஒரு சிறு மரப்பெட்டியின் அடியிற் பொருத்தி, உள்ளே அமர்ந்தவன் கோலை அசைக்கும்போது பெட்டி முழுவதும் சாய்ந்தும் நிமிர்ந்தும் திரும்பியும் இயங்குமாறு 1929இல் ஒரு யந்திரத்தை அமைத்தார். முதலில் அதை வாங்கியவர்கள் களியாட்டப் பூங்காக்காரரே. 1934இல் அமெரிக்க இராணுவ விமானிகள் மேகத்திலும் இருளிலும் தபால் கொண்டு செல்லப் புகுந்து பலர் மாண்ட பின்னரே, படைத்தலைவர்கள் அந்தப் பெட்டியின் அருமையை உணர்ந்து ஆறு யந்திரங்களை வாங்கினர்; இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்குள் 10,000க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டுவிட்டன. வேறொரு தொழிலின் பட்டறையிற் கிடந்த உதிரிகளால், பணமில்லாத ஒருவரின் பிடிவாதத்தால் உண்டானது பாவனைப் பறப்பு என்பதை இங்கே நினைவூட்டக் காரணமுண்டு: நாம் பேசப்போகும் பலகையும் அந்த வமிசத்தைச் சேர்ந்ததே.

இனி, இக்காலத்து நிலைமையைப் பார்ப்போம். தலையில் அணிந்துகொள்ளும் காட்சிக்கருவி ஒன்றை ஐவன் சதர்லாந்து என்பவர் 1968இலேயே செய்து காட்டியிருந்தாலும், கூரையிலிருந்து தொங்கவிட வேண்டிய பாரமான அந்த உபகரணம் ஆய்வுகூடத்தைத் தாண்டவில்லை. 2012இல் ஒக்குலஸ் என்னும் கருவிக்குப் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டப்பட்ட பின்னரே, இளைஞர்கள் வீ.ஆர். ஹெட்செட் என்று வழங்கும் இந்த முகக்கருவி வீடுகளுக்குள் வரலாயிற்று. இதை அணிந்தவன் தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் விமானத்தின் உட்புறமும் வானமும் நிலமும் பிரத்தியட்சமாய்த் தோன்றுகின்றன. ஆனால் அவன் எதிரே மேசைமேல் இருக்கும் தட்டச்சுப் பலகையும், ஏன், அவனுடைய சொந்தக் கைகளுங்கூட, அவன் பார்வையிலிருந்து அறவே மறைந்துபோகின்றன. சில்லை இறக்குவதற்கு எந்த விசையை அழுத்துவது என்று தடவித் திரியும் வேளையில் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய்விடும். அந்தரத்திலே தோன்றும் மாயக் கையால் மாயப் பொத்தானைத் தொடும் ஏற்பாடுகளும் உண்டு. விரலுக்குத் தடையாக எதுவும் இல்லாமையால், அழுத்தியது அழுந்தியதா என்ற ஐயமும், கையைத் தூக்கி வைத்திருக்கும் அலுப்பும் அவற்றில் நீங்குவதில்லை.

காணாமலே கையாள்வது என்னும் இந்தப் பிரச்சினை மெய்யான விமானிகளுக்கும் ஏற்பட்டதொன்றே. யுத்தகாலத்து அமெரிக்கப் பயிற்சிக் களங்களில், புதிய விமானத்தை ஓட்டப் போகிறவனை அதன் ஆசனத்தில் இருத்தி, கண்ணைத் துணியாற் கட்டி, ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் பெயர் சொன்னவுடன் தொட்டுக் காட்டச் செய்யும் சோதனை நடைமுறையில் இருந்தது. அதனினும் சுவையானது 1943இல் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி. பீ.-17 என்னும் குண்டுவீச்சு விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்கிய பின்னர், இறக்கை மடிப்பைச் சுருக்குவதாக எண்ணிச் சில்லுகளை மடக்கி, வயிற்றால் தேய்த்துக்கொண்டு நின்ற விமானிகள் பலர். விமானியின் அசட்டை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த இக்குறையை ஆராய்ந்த அல்போன்ஸ் சப்பானிஸ் என்னும் உளவியலாளர், இரண்டு வேலைகளுக்கும் ஒரே உருவமுடைய ஆளிகள் அருகருகே அமைந்திருந்ததைக் கண்டு, ஒன்றின் தலையில் சிறு ரப்பர் சில்லையும் மற்றதன் தலையில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றையும் பொருத்தச் செய்தார். அவ்வளவில் அந்தத் தவறு ஒழிந்தது. இன்றும் பெரிய பயணிகள் விமானங்களில் சில்லிறக்கும் நெம்புகோலின் நுனி சில்லு வடிவிலும், மடிப்பின் நெம்புகோல் நுனி இறக்கையின் குறுக்குவெட்டு வடிவிலும் இருக்க வேண்டுமென்பது அமெரிக்க விமானப் போக்குவரத்துச் சட்டத்திலேயே இடம்பெற்றுள்ள விதி.

இவ்வளவும் சொன்னது எதற்கென்றால், முகக்கருவி அணிந்து பறப்பவனின் பலகை முற்றிலும் ஸ்பரிசத்துக்குரிய பொருள் என்பதை நிலைநாட்டுவதற்கே. மெய்யான விமானத்தின் பலகையை எழுத்துக்கெழுத்து பிரதிசெய்து, வர்ணம் தீட்டி, பின்னால் விளக்கேற்றி விற்பனை செய்யும் கம்பனிகள் வெளிநாடுகளில் உள்ளன. சாதாரணத் திரையைப் பார்த்துப் பறப்பவர்களுக்கு அவை மெத்த அழகுதான். முகக்கருவி அணிந்தவனோ அந்த எழுத்தையும் விளக்கையும் ஒருபோதும் காணப்போவதில்லை. ஆகையால் அவற்றுக்குக் கொடுக்கும் பணம் வீண் என்பது என் அபிப்பிராயம். அவனுக்கு வேண்டியது விரல் அறியும் வேற்றுமை. அது சிரட்டைத் துண்டிலும் போத்தல் மூடியிலும் உப்புத்தாளிலும் கிடைக்கும்.

பலகையின் மூளையாக அமைவது ஒரு சிறு நுண்கட்டுப்படுத்தி அட்டை. இத்தாலியில் இவ்ரேயா என்னும் ஊரில் மாணாக்கரின் உபயோகத்துக்காக 2005இல் தோன்றிய ஆர்டுயினோ குடும்பத்தைச் சேர்ந்த லியொனார்டோ, அல்லது அதன் தம்பி போன்ற புரோ மைக்ரோ இதற்குப் பொருத்தமானது. ஊனோ என்னும் பிரசித்தி பெற்ற அட்டையை வாங்கிவிட்டுப் பின்னர் வருந்துவோர் அநேகர். அதன் பழைய வகைகளின் பிரதான மின்னணுச் சில்லுக்கு யூ.எஸ்.பி. மூலம் நேரே பேசும் ஆற்றல் இல்லாமையால், கணினியிடம் தன்னை ஒரு விளையாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியென்று சொல்லிக்கொள்ள அதனால் எளிதில் இயலாது. லியொனார்டோவிலும் புரோ மைக்ரோவிலும் உள்ள அற்மெகா 32யூ4 என்னும் சில்லுக்கு அவ்வாற்றல் இயல்பாகவே உண்டு. ஆகையால் கம்பியைச் செருகியவுடன், வேறு மென்பொருள் எதுவும் கேளாமல், கணினி அதை ஏற்றுக்கொள்ளும். இவற்றின் நகல் அட்டைகள் சில டொலருக்குள் அடங்குவன. 2021இல் வெளிவந்த ராஸ்பெரி பை பீகோவும் அதே விலைக்கு இவ்வேலையைச் செய்கின்றது.

புரோ மைக்ரோவில் நாம் உபயோகிக்கக்கூடிய முனைகள் பதினெட்டே. முனைக்கு ஒரு பொத்தான் என்று வைத்தால் பதினெட்டோடு கணக்கு முடிந்துவிடும் அல்லவா? இங்கேதான் பழைய தட்டச்சுப் பலகைக்காரரின் சாமர்த்தியம் உதவிக்கு வருகின்றது. ஐந்து கம்பிகளை நிரைகளாகவும் ஐந்து கம்பிகளை நிரல்களாகவும் கொண்டு, அவை ஒன்றையொன்று தாண்டுமிடந்தோறும் ஓர் ஆளியை அமைத்தால், பத்து முனைகளால் இருபத்தைந்து ஆளிகளை அறியலாம். சில்லானது ஒரு நேரத்தில் ஒரே ஒரு நிரையை மட்டும் பூச்சிய வோல்ற்றளவுக்கு இறக்கி, நிரல்களில் எவை அதனோடு சேர்ந்து இறங்குகின்றன என்று வாசித்து, அடுத்த நிரைக்குச் செல்லும். ஒரு செக்கனில் நூற்றுக்கணக்கான முறை இவ்வாறு சுற்றிவருவதால், எந்தப் பொத்தான் எப்போது அழுந்தினாலும் அதன் கவனத்துக்குத் தப்புவதில்லை.

இந்த அமைப்பில் ஒரு கள்ளத்தனம் உண்டு. ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளில் நிற்கும் ஆளிகளில் மூன்று மூடியிருந்தால், மின்னோட்டம் அம்மூன்றின் வழியே சுற்றிவந்து, தொடாத நான்காவது ஆளியும் மூடியதாகப் பொய் சொல்லும். நம் வயல்களில் ஒரு வரவைக்குத் திறந்த நீர், அயல் வரவைகளின் வக்கடைகள் திறந்து கிடந்தால் பின்புறமாகச் சுற்றிவந்து வேண்டாத வரவையை நிரப்புவது போன்றது இது. ஒவ்வோர் ஆளியோடும் 1என்4148 என்னும் இலக்கமுடைய சிறு இருவாயி ஒன்றைத் தொடராக இணைத்துவிட்டால், மின்னோட்டம் ஒரு திசையில் மட்டுமே செல்லுமாதலால் அக்கள்ள வழி அடைபடும். தட்டச்சுப் பலகையில் மூன்று விசைகளை ஏககாலத்தில் அழுத்துவது அபூர்வமாதலால் மலிவான பலகைகளில் இருவாயிகளை விட்டுவிடுவார்கள். விமானப் பலகையிலோ விளக்கு, மின்கலம், எரிபொருட் பம்பி என்று ஆளிகள் பல மணிக்கணக்காக மூடியபடியே நிற்குமாதலால், இருவாயி இல்லாமல் தப்ப முடியாது. சில சதங்களுக்குக் கிடைக்கும் பொருளை மிச்சம் பிடித்து, பின்னர் ஒரு வாரம் பிழை தேடுவது புத்திசாலித்தனமாகாது.

மற்றொரு நுட்பம் ஆளியின் துள்ளல். பொத்தானை அழுத்தும்போது உள்ளிருக்கும் உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொட்டவுடன் அமைதியடைவதில்லை. சில மில்லிசெக்கன் வரை தொட்டும் விலகியும் நடுங்கிய பின்னரே நிலைகொள்ளும். அதிவேகமான சில்லுக்கு அது பல அழுத்தங்களாகத் தோன்றுமாதலால், முதல் தொடுகைக்குப் பின் பத்து மில்லிசெக்கன் அளவு பொறுத்து மீண்டும் வாசிக்குமாறு சில்லின் செய்நிரலில் எழுதிவிட வேண்டும்.

திசைகாட்டியின் குறியையும், உயரத்தையும், வானொலியின் அலைவரிசையையும் திருத்துவதற்குச் சுழற்குமிழ் வேண்டும். முடிவின்றிச் சுழலும் இவ்வகைக் குமிழினுள் இரண்டு தொடுகைகள், ஒன்று மற்றொன்றுக்குச் சற்றுப் பிந்தித் திறந்து மூடும்படி அமைந்துள்ளன. எது முந்தியது என்பதைக் கொண்டு வலமா இடமா என்று சில்லு தீர்மானிக்கின்றது. சாதாரணமாகக் கிடைக்கும் குமிழ்கள் ஒரு சுற்றுக்கு இருபது முறை விரலில் 'கிளிக்' என்று தட்டும். கண் காணாதவனுக்கு அந்தத் தட்டே எண்ணிக்கை. பாவனை மென்பொருள் பலகையை ஒவ்வொரு காட்சிச் சட்டத்துக்கும் ஒரு முறையே விசாரிப்பது வழக்கமாதலாலும், முகக்கருவியில் செக்கனுக்கு நாற்பத்தைந்து சட்டங்கள் ஓடுமானால் ஒரு சட்டத்துக்கு ஏறத்தாழ 22 மில்லிசெக்கன் ஆகுமாதலாலும், குமிழின் ஒவ்வொரு தட்டையும் அதைவிட நீண்ட அழுத்தமாக அனுப்பாவிட்டால் பாதித் தட்டுகள் காற்றிற் போய்விடும். குமிழ் பழுதென்று எறியப்பட்ட பல சந்தர்ப்பங்களில் குற்றம் இந்தக் கணக்கிலேயே இருந்திருக்கும்.

ஆளிகளைத் தெரிவு செய்வதில் இரு விஷயங்களைக் கவனிக்கலாம். வைத்த நிலையிலேயே நிற்கும் ஆளிகள் மெய்யான விமானத்தின் உணர்ச்சியைத் தருவன. ஆனால் பாவனை விமானம் தொடங்கும்போது அதன் மின்கலம் மூடியிருக்க நம் கையிலுள்ள ஆளி திறந்திருக்கும் முரண்பாடு அடிக்கடி நேரும். விட்டவுடன் நடுநிலைக்குத் திரும்பும் விற்சுருள் ஆளிகளில் இந்தத் தொல்லை இல்லை: மேலே தள்ளினால் மூடு, கீழே தள்ளினால் திற என்று இரண்டு கட்டளைகள். இரண்டாவது விஷயம் நம்மூர்க் கடற்காற்று. உப்பேறிய ஈரக்காற்று திறந்த தொடுகைகளைச் சீக்கிரம் பச்சையாக்கிவிடுமாதலால், உடல் மூடிய ஆளிகளையே வாங்கி, ஈயம் வைத்த இடங்களுக்கு வார்னிஷ் பூசிவிடுவது நலம். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய்வருபவர் எவரிடமேனும் சொல்லிவிட்டால் இவையெல்லாம் வந்துசேரும். பழுதான வானொலிகளிலிருந்து கழற்றிய குமிழ்களும் ஆளிகளும் திருத்துபவரின் கடைப்பெட்டியில் இருந்தால் இன்னும் விசேஷம்.

பலகைக்கு நாலு மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை போதும். சிற்றாளிகளின் கழுத்துக்கு ஆறு மில்லிமீற்றர்த் துளை. துளையிடுவதற்கு முன், கடதாசி மட்டையில் ஆளிகளைக் குத்தி, கண்ணை மூடிக்கொண்டு சில நாள் கைபழகிப் பார்ப்பவர்கள் மரத்தை வீணாக்க மாட்டார்கள். தட்டச்சுப் பலகையில் எஃப், ஜே என்னும் எழுத்துக்களின்மேல் சிறு மேடு இருப்பதுபோல, நம் பலகையிலும் கை முதலிற் சென்று சேர வேண்டிய ஓர் அடையாளக் குமிழி இருத்தல் அவசியம். மற்றவை யாவும் அதிலிருந்து இத்தனை விரல் வலம், இத்தனை விரல் மேல் என்று அறியப்படும். ஒரே வடிவப் பொத்தான்களை நாலுக்கு மேல் ஒரு வரிசையில் அடுக்கினால் விரல் எண்ணத் தடுமாறுகின்றது. இடையிலே ஒரு மரச்சலாகையை ஒட்டிக் குழுக்களாகப் பிரித்துவிட்டால் தடுமாற்றம் நீங்கும். விமானச் சில்லுக்குரிய ஆளியின் தலையில் சட்டைப் பொத்தான் ஒன்றையும், மடிப்புக்குரியதன் தலையில் சீவிய சிரட்டைத் துண்டையும் ஒட்டிவிடுபவர் சப்பானிஸின் வழியைப் பின்பற்றியவராவார். தவறிப் பட்டால் இயந்திரத்தையே நிறுத்திவிடும் ஆளிகளுக்கு மேலே தூக்கித் திறக்கும் மூடி ஒன்று வேண்டும்.

செய்த பலகையை மேசைமேல் சும்மா வைத்தல் ஆகாது. அரை அங்குலம் நகர்ந்தாலும் கை கற்ற பாடம் கலைந்துவிடும். நாற்காலியின் கைப்பிடியிலோ தொடையருகே ஒரு கட்டையிலோ திருகாணியால் இறுக்கி, முகக்கருவியை அணிந்தபின் மாய விமானத்தின் ஆசனத்தை முன்னும் பின்னும் நகர்த்தி, கண்ணுக்குத் தோன்றும் சில்லு நெம்புகோலும் கைக்குத் தட்டுப்படும் ஆளியும் ஏறத்தாழ ஓரிடத்தில் பொருந்துமாறு செய்துகொள்ள வேண்டும். பழகுவதற்கு இலவசமாகக் கிடைக்கும் பிளைட்கியரும், அதில் செஸ்னா போன்ற ஒரு சிறு விமானமும் போதுமானவை. அவ்விமானத்தின் சில்லுகள் மடங்காதவையாதலால் முதற் பலகைக்குச் சில்லிறக்கும் ஆளிகூடத் தேவையில்லை. மடிப்பு, மின்கலம், பம்பி, விளக்குகள், தடுப்பு, ஒரு சுழற்குமிழ் என்று எட்டுக்குள் அடக்கி, அவை யோசனையின்றிக் கைக்கு வந்தபின் அடுத்த துளைக்கு இடம் பார்க்கலாம்.