விழாவும் வீதியும்

தாய்லாந்து மக்கள் ஏப்பிரல் 13 முதல் 15 வரை 'சொங்கிரான்' என்னும் புத்தாண்டு விழாவைக் கொண்டாடுகின்றனர். சங்கிராந்தி என்னும் வடசொல்லே அவ்வாறு திரிந்தது. பாங்காக்கில் தொழில் புரிவோர் அந்நாட்களில் பெற்றோரைக் காணத் தத்தம் ஊர்களுக்குத் திரள்திரளாகப் புறப்படுவர். மூத்தோர் கைகளில் நறுநீர் வார்த்து வாழ்த்துப் பெறுதல் பழைய வழக்கம். இளைஞர்க்கோ தெருவிற் செல்வோர்மீது நீரை வாரி இறைப்பதே விழா!

விழாவை ஒட்டிய வாரத்தை அந்நாட்டார் 'அபாயம் மிக்க ஏழு நாட்கள்' என்று அழைப்பர். 2021 முதல் 2025 வரை ஆண்டுதோறும் அவ்வொரு வாரத்தில் 200க்கு மேற்பட்டோர் சாலைகளில் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர். அண்டை ஊர்தானே என்று தலைக்கவசம் அணியாமற் புறப்பட்டவரும் அவருட் பலர்.

மது அருந்தியவன் இடரைக் காலந்தாழ்த்தே உணர்வான். வண்டியின் வேகம் இருமடங்கானாலோ, தடையை அழுத்தியபின் அது நிற்பதற்கு வேண்டிய தொலைவு நான்கு மடங்காகும். அவ்வேளையில் ஒரு வாளி நீர் முகத்தில் மோதினால் என்னாகும்?

100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் மது கலந்திருக்க வண்டி ஓட்டுதல் அங்குக் குற்றம். 20 வயது நிரம்பாதார்க்கு அவ்வளவு 20 மில்லிகிராமே. நெடுஞ்சாலைச் சாவடிகளில் காவலர் ஓட்டுநரைக் கருவியில் ஊதச்செய்து அளந்தறிகின்றனர். அச்சாவடிகளுக்கு அஞ்சிக் குறுக்குவழியில் நுழைவோரும் உளர். அவரைத் தடுத்து நிறுத்தச் சிற்றூர்களில் ஊராரே இரவும் பகலும் காவல் இருக்கின்றனர்.